பெர்ஃபெக்ட் ப்ளூ (1997): சதோஷி கோனின் முதல் படம் – ஸ்பாய்லரோடு பேசலாம்

இரவுக்காட்சி:

அனிமே பொது இழையில் இந்தப் படத்தைப் பற்றி யாராவது எழுதினால், நாலு பேர் வந்து "செம படம்", "தலை சுத்திடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அதனால்தான் தனி இழை. முடிவு வரை எல்லாமே பேசுவோம். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், 81 நிமிடம்தான்.

பார்த்து மறந்தவர்களுக்காகக் கதை: மீமா கிரிகோயே, 'சாம்' என்ற மூன்று பெண்கள் கொண்ட பாப் குழுவில் பாடுகிறவள் (இப்படிப்பட்ட இளம் பாடகிகளை ஜப்பானில் 'ஐடல்' என்பார்கள்). பெரிய குழு ஒன்றும் இல்லை. திறந்தவெளி மேடையில், குழந்தைகளுக்கான சூப்பர் ஹீரோ நிகழ்ச்சி நடக்கும் அதே இடத்தில் பாடுகிற அளவுதான். நிறுவனம் அவளைப் பாட்டிலிருந்து எடுத்து நடிகையாக்குகிறது. 'டபுள் பைண்ட்' என்ற டிவி தொடரில் சின்ன வேடம். முதல் நாள் அவளுக்கு ஒரே ஒரு வசனம்: "நீங்கள் யார்?" அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அப்புறம் அவளைச் சுற்றி இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். பாடகி உடையில் இன்னொரு மீமா அவள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறாள். கொல்வது தானோ என்று அவளுக்கே சந்தேகம் வருகிறது.

எனக்கு இந்தப் படத்தில் கொலைகள் அவ்வளவு பயம் தரவில்லை. பயம் தருவது, மீமாவைச் சுற்றி எல்லோரும் எவ்வளவு அன்பாகப் பேசுகிறார்கள் என்பது. முதலாளி தடோகோரோ "இனி ஐடல் பாட்டு ஓடாது" என்கிறார். மேனேஜர் ரூமி "அவள் பாடத்தானே வந்தாள்" என்று சண்டைக்குப் போகிறாள். இரண்டு பேரும் அவள் வாழ்க்கையைப் பற்றி அவள் தலைக்கு மேலே பேசிக்கொள்கிறார்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் மீமாவை யாரும் மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. கடைசியில் அவளே "சரி" என்கிறாள். படம் முழுக்க அவள் சொல்லும் சரிகள் எல்லாம் இந்த ரகம்தான். யார் மனமும் கோணக்கூடாது என்று சொல்லிச் சொல்லி, தனக்கு என்ன வேண்டும் என்பதே மறந்துபோன ஒரு பெண். பேய் அவளுக்குள் வருவதற்கு முன்பே வீடு காலியாக இருக்கிறது.

இன்னொன்று. மீ-மேனியா என்கிற அந்த ரசிகன் முதல் முறை வரும் இடம் நினைவிருக்கிறதா? நிகழ்ச்சியில் காவலாளி வேலை பார்க்கிறான். மேடையை நோக்கிக் கையை நீட்டி உள்ளங்கையை விரிக்கிறான். அவன் பார்வையில் மீமா அந்தக் கையின் மேல் ஆடுகிறாள். வசனம் கிடையாது, சில நொடிதான். ரசிகனுக்கு என்ன வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன படம் எனக்குத் தெரியாது.

எடிட்மேசை:

அந்த ஷாட் வரும் தொடக்கப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். (எடிட்டிங்தான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மேடையில் மூன்று பேரும் ஆடுகிறார்கள். நடுநடுவே மீமா ரயிலில் வருகிறாள், கடையில் சாமான் வாங்குகிறாள், வீட்டுக்கு நடக்கிறாள். மேடையில் ஆரம்பிக்கும் ஓர் அசைவு ரயிலில் போய் முடிகிறது. இது முன்னால் நடந்ததா, பின்னால் நடக்கப்போவதா என்று ஒரு குறிப்பும் இல்லை. பொதுவாகக் கனவுக்குள்ளோ நினைவுக்குள்ளோ போகும்போது சினிமா முன்கூட்டியே தகவல் சொல்லிவிடும். படம் மங்கும், குரலில் எதிரொலி ஏறும், நிறம் வெளுக்கும். கோன் இதில் எதையுமே செய்வதில்லை. நேர் கட். அதுவும் நம் கண் ஓர் அசைவைத் தொடர்ந்துகொண்டிருக்கும் நேரம் பார்த்து வெட்டுவார். அசைவு தொடர்வதால் இடம் மாறியது உறைக்காது, உறைக்கும்போது நாலு ஷாட் தாண்டியிருப்போம்.

முதல் பத்து நிமிடத்தில் இந்த வித்தை வெறும் அழகு. இரண்டாம் பாதியில் இதே வித்தையை நம் மேல் திருப்பிவிடுகிறார். மழையில் தன் உருவத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிற மீமா மீது லாரி பாய்கிறது. கட். கட்டிலில் கண் விழிக்கிறாள். ரூமி கேக் வாங்கி வந்திருக்கிறாள், டீ குடிக்கிறார்கள், பேசுகிறார்கள். திரும்பவும் கட்டில், திரும்பவும் கண் விழிப்பு. கட்டில், மீன் தொட்டி, ஜன்னல் எல்லாம் ஏறக்குறைய அதே கோணத்தில். ஒரே கோணத்தை மறுபடி பார்க்கும்போது "சரி, இது நிஜம், வீட்டுக்கு வந்துவிட்டோம்" என்று மனம் அடையாளம் வைத்துக்கொள்ளும். அந்த அடையாளத்தைத்தான் அவர் உருவுகிறார். ஓரிடத்தில் மீமா கோப்பையைக் கையில் நொறுக்கி, ரத்தம் வருகிறதா என்று பார்க்கிறாள். வருகிறது. அப்போதுகூட நமக்கு நம்பிக்கை வரவில்லை, ஏனென்றால் இந்தப் படத்தில் ரத்தமும் செட்டில் ஊற்றப்படுகிற பொருள்தான்.

அதே பின்னணிகளைத் திரும்பத் திரும்பக் காட்டியதில் கையில் இருந்த காசும் மிச்சமாகியிருக்கும் என்பது தொழில்காரன் சந்தேகம்.

அந்த மருத்துவமனைக் காட்சியைப் பாருங்கள். மனநல மருத்துவர் எதிரில் மீமா. அவளுக்கு என்ன நோய் என்று விளக்குகிறார்கள். "ஆக இதுதான் விடை, அவளுக்குத்தான் மனம் பிசகிவிட்டது" என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது படப்பிடிப்பு முடிந்து எல்லோரும் கைதட்டுகிறார்கள். தொடரின் காட்சி அது. விடையைக் கொடுத்துவிட்டு, அது வேறு படத்தின் விடை என்று பிடுங்கிக்கொள்கிறார்.

டீக்கடைபெஞ்ச்:

ரெக்வியம் ஃபார் எ ட்ரீம் படத்தில் அந்தப் பெண் குளியல்தொட்டித் தண்ணீருக்குள் முகத்தை வைத்துக் கத்துவாளே, அது அப்படியே இதிலிருந்து எடுத்தது. அந்த ஒரு ஷாட்டுக்காகவே அதன் இயக்குநர் டாரன் அரனாஃப்ஸ்கி பெர்ஃபெக்ட் ப்ளூ உரிமையை விலைக்கு வாங்கினார் என்று எல்லாரும் சொல்வார்கள். அவருடைய பிளாக் ஸ்வானும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

கல்லிடைக்காரன்:

உரிமை வாங்கிய கதை இணையத்தில் உலாவுகிற பழைய புரளி. அரனாஃப்ஸ்கியைச் சந்தித்ததைப் பற்றிக் கோனே 2001இல் தன் தளத்தில் எழுதியிருக்கிறார். அதன்படி அவருக்கு உரிமை கிடைக்கவில்லை. குளியல்தொட்டிக் காட்சி கோனுக்குச் செய்த மரியாதைதான். பிளாக் ஸ்வான் விஷயத்தில், ஒற்றுமைகள் இருப்பதை ஒப்புக்கொண்ட அரனாஃப்ஸ்கி, அதிலிருந்து எடுத்ததல்ல என்றார். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம்.

படம் எடுக்கப்பட்ட கதை இதைவிடச் சுவாரசியம். யோஷிகாஸு தகேயுச்சி 1991இல் எழுதிய நாவல்தான் மூலம். முதலில் இதை நடிகர்களை வைத்து எடுப்பதாகத்தான் திட்டம். 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம் வந்து தயாரிப்பு ஸ்டுடியோ சேதமானது. பணம் சுருங்கியது. நேராக வீடியோவில் வெளியிடும் சின்ன அனிமேஷனாகப் படத்தை மாற்றினார்கள். அந்த வேலை மேட்ஹவுஸ் என்ற அனிமேஷன் ஸ்டுடியோ வழியாகக் கோனிடம் வந்தது. அகிரா எடுத்த கட்சுஹிரோ ஒதோமோவின் பெயரும் டைட்டிலில் ஆலோசகராக வரும். திரையரங்கப் படமாக உயர்ந்தது பிறகுதான். 1997 ஆகஸ்டில் மான்ட்ரியலில் ஃபான்டேசியா விழாவில் முதல் திரையிடல். ஜப்பானில் 1998 பிப்ரவரி 28.

கோனுக்கு அப்போது வயது 33. மங்கா வரைகிறவராக இருந்து அனிமேஷனுக்கு வந்தவர். இதற்கு முன் ஒரு முழுநீளப் படம்கூட இயக்கியதில்லை. மூலக்கதை ஒரு பாடகியும் அவளைத் துரத்தும் வெறிபிடித்த ரசிகனும் என்று நேர்கோட்டில் போகிற திகில் கதை. கோனுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. பாடகி, ரசிகன், திகில் இவை மட்டும் இருந்தால் போதும், மற்றதை மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்த பிறகுதான் திரைக்கதையாளர் சதயூகி முராயோடு சேர்ந்து, நிஜமும் கற்பனையும் கலங்கிப்போகும் இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டு வருடம் முன்பு மெமரீஸ் தொகுப்புப் படத்தில் வந்த மேக்னடிக் ரோஸ் திரைக்கதையும் கோனுடையதுதான். விண்வெளியில் இறந்துபோன ஓர் ஓபரா பாடகியின் நினைவுக்குள் ஆட்கள் போய் மாட்டிக்கொள்ளும் கதை. அதைப் பார்த்தவர்களுக்கு, இந்த மனிதர் எந்தப் பக்கம் போகப்போகிறார் என்று முன்பே தெரிந்திருக்கும்.

பணம் குறைந்ததை நான் நல்ல காலம் என்றே சொல்வேன். நடிகர்களை வைத்து எடுத்திருந்தால் "இது நிஜமான உடம்பு, அது கிராஃபிக்ஸ்" என்று கண் பிரித்துவிடும். இங்கே மீமாவும் அவள் மாயையும் ஒரே பென்சிலில் வரைந்தவை.

பூனைக்கண்:

எல்லோரும் பாராட்டுகிற இடத்தில் நான் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறேன். அந்தப் பாலியல் வன்முறைக் காட்சி. தொடருக்குள் நடிக்கப்படுகிற காட்சிதான், தெரியும். ஆனாலும் கேமரா அவளைப் பார்க்கும் விதத்துக்கும், படம் கிண்டல் பண்ணுகிற அந்த டிவி தொடரின் கேமரா பார்க்கும் விதத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. "பார், எவ்வளவு கொடுமை" என்று சொல்லிக்கொண்டே அந்தக் கொடுமையை முழுசாகக் காட்டுவது பழைய தந்திரம். அப்புறம் அந்தப் புகைப்படக்காரன் வரும் பகுதியும் அப்படியே.

ஒரு தோழியோடு உட்கார்ந்து பார்த்தேன். அவள் பாதியில் எழுந்து போய்விட்டாள். போனதில் தப்பே இல்லை.

இரவுக்காட்சி:

பூனைக்கண், அந்தக் காட்சியில் ஒரு சின்ன இடத்துக்காக வாதாடுகிறேன். இயக்குநர் "கட்" சொல்லிவிட்டார், விளக்கையோ எதையோ சரிசெய்கிறார்கள். நடிகர்கள் அதே நிலையில் அசையாமல் இருக்க வேண்டும். அவள் மேல் கவிந்து நிற்கும் அந்த நடிகன் அவளிடம் மெதுவாக "மன்னித்துக்கொள்" என்கிறான். அவளும் பரவாயில்லை என்பது போல ஒரு முகம் காட்டுகிறாள். அப்புறம் "ஆக்‌ஷன்". திரும்ப அலறல்.

இது இல்லையென்றால் நீங்கள் சொல்வதை அப்படியே ஒத்துக்கொள்வேன். இது வந்த பிறகு எனக்கு அந்தக் காட்சி வேறு ஆகிவிட்டது. இங்கே கெட்டவன் ஒருத்தன் இருந்தால் கோபித்துக்கொள்ளலாம். எல்லோரும் நாகரிகமானவர்கள், எல்லோரும் வேலையைச் செய்கிறார்கள். ரூமி மட்டும் பார்க்க முடியாமல் அழுதுகொண்டு வெளியே போகிறாள். (இரண்டாவது தடவை பார்க்கும்போது அந்த அழுகை வேறு மாதிரி ஆகிவிடும், அதுவும் சேர்த்தி.)

இதற்கு ஒப்புக்கொண்ட பிறகு மீமா ரயிலில் போகிறாளே, அங்கேதான் மாய மீமா தலைகாட்டுகிறாள். ஜன்னல் கண்ணாடியில் பாடகி உடையில் நின்று "எனக்குப் பிடிக்கவே இல்லை, செய்யமாட்டேன்" என்கிறாள். அவள் பேய் என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். ஆனால் அந்த ரயிலில் உண்மை பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

மருந்துச்சீட்டு:

மனநலத் துறையில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

கடைசியில் கொலைகாரி என்று தெரியவரும் ரூமிக்கு இருப்பதாகக் காட்டும் நோய் சினிமா நோய். தன்னை முழுசாக இன்னொருவராக நம்பி, திட்டம் போட்டு, வேடமிட்டுக் கொலை செய்வதெல்லாம் திரைக்கதை வசதி. மனநோய் உள்ளவர்கள் வன்முறை செய்வதைவிட வன்முறைக்கு ஆளாவதுதான் அதிகம். இந்த விஷயத்தில் இந்தப் படமும் மற்றத் திகில் படங்களின் பாவத்தில் பங்கு வாங்கிக்கொள்கிறது.

ஆனால் மீமாவின் பக்கம் மிகச் சரியாக இருக்கிறது. அந்தப் படப்பிடிப்பு முடிந்து வீட்டுக்கு வருகிறாள். சாதாரணமாகத்தான் இருக்கிறாள். தொட்டியைப் பார்க்கிறாள், மீன்கள் செத்து மிதக்கின்றன. அங்கேதான் உடைகிறாள். கட்டிலில் இருப்பதையெல்லாம் வாரி இறைத்துவிட்டு, "செய்ய விருப்பமே இல்லை" என்று கத்துகிறாள். அதிர்ச்சி நடந்த இடத்தில் அழுகை வராது, பல மணி நேரம் கழித்து ஒன்றுமில்லாத விஷயத்தில் வெடிக்கும். தினமும் கேட்கிற கதை இது. அதேபோலத் தன்னையே வெளியே நின்று பார்ப்பது போன்ற உணர்வு, நாட்கள் கலங்கிப்போவது, "நேற்று நான் என்ன செய்தேன்" என்ற குழப்பம், எல்லாமே அப்படிப்பட்ட ஒருவருக்கு வரக்கூடியவைதான். அவளுக்கு நோய்ப்பெயர் எதுவும் ஒட்டாமல் விட்டதற்காகவே கோனுக்கு ஒரு கும்பிடு.

தொடரின் பெயரையும் சும்மா வைக்கவில்லை. டபுள் பைண்ட் என்பது 1956இல் கிரெகரி பேட்சனும் கூட்டாளிகளும் முன்வைத்த கருத்து. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கட்டளைகள் வரும், எதைச் செய்தாலும் தப்பாகும், அந்த உறவைவிட்டு வெளியே வரவும் முடியாது. ஸ்கிட்ஸோஃப்ரீனியாவுக்கு அதுதான் காரணம் என்பதை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனால் "எங்களுக்காக வளராமல் இரு" என்று ரசிகர்களும் "வளர்ந்துவிட்டாய் என்று உடம்பால் நிரூபி" என்று தொழிலும் ஒரே பெண்ணிடம் கேட்பதை விவரிக்க அது அப்படியே பொருந்துகிறது.

எடிட்மேசை:

"மீமாவின் அறை" என்ற இணையப் பக்கத்தைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே?

ரசிகர் கடிதத்தில் அந்தப் பெயரை மீமா பார்க்கிறாள், அது என்னவென்றே அவளுக்குத் தெரியாது. ரூமி வந்து கம்ப்யூட்டரை மாட்டி, மவுஸை எப்படி அழுத்துவது என்று சொல்லித்தருகிறாள். 1997! கூகுள் நிறுவனம் தொடங்கியதே அடுத்த வருடம்தான். அந்தப் பக்கத்தில் யாரோ அவள் பெயரில் நாட்குறிப்பு எழுதுகிறார்கள். ரயிலிலிருந்து இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைத்தாள், கடையில் என்ன வாங்கினாள் என்பது வரை. முதலில் மீமா சிரிக்கிறாள், "நம்மை நன்றாகத் தெரிந்த ஆள் போல" என்று. சிரிப்பு அடங்கும் இடம்தான் இடி. பின்னால், தான் அன்றைக்கு என்ன செய்தோம் என்று தெரிந்துகொள்ள அவளே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிற நிலைமை வருகிறது.

தீர்க்கதரிசனம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது. அப்போதே ஐடல் உலகம் அப்படித்தான் இருந்தது, கம்ப்யூட்டர் புதிதாக உள்ளே வந்தது, அவ்வளவுதான்.

கல்லிடைக்காரன்:

ஆமாம், பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். 2013இல் ஏகேபி48 என்ற ஐடல் குழுவைச் சேர்ந்த ஒரு பெண், ஓர் ஆணின் வீட்டில் இரவு தங்கினாள் என்று பத்திரிகையில் செய்தி வந்ததற்காக, தலையை மழித்துக்கொண்டு வீடியோவில் அழுது மன்னிப்புக் கேட்டாள். 2016 மே மாதம் தோக்கியோ புறநகரான கொகானேயில், நிகழ்ச்சிக்கு வந்த இளம் பாடகி ஒருவரை, சமூக ஊடகத்தில் தொல்லை கொடுத்துவந்த ரசிகன் கத்தியால் பலமுறை குத்தினான். அவர் பிழைத்தார். இரண்டு செய்திகளின்போதும் ஜப்பானுக்கு வெளியே எத்தனையோ பேருக்கு இந்தப் படம்தான் நினைவுக்கு வந்தது.

இன்னொரு சில்லறை விஷயம்: மீமா விலகிய பிறகுதான் மிச்சமிருக்கும் இரண்டு பேரோடு 'சாம்' தரவரிசையில் இடம் பிடிக்கிறது. யாரும் சதி செய்யவில்லை, அவள் இல்லாமலே வண்டி ஓடுகிறது. அந்தக் குத்தல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பூனைக்கண்:

அந்த "மன்னித்துக்கொள்" இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நல்ல இடம்தான். என் ஆட்சேபம் பாதி குறைந்தது, பாதி இருக்கிறது.

மிச்சப் பாதியை ரூமிக்கு மாற்றிக்கொள்கிறேன். அந்தக் கடைசித் துரத்தல். மீமா கண் விழிக்கிறாள், தன் அறைதான். ஆனால் கழற்றிவிட்ட 'சாம்' போஸ்டர் சுவரில் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே வேறு இடம். ரூமி தன் வீட்டுக்குள் மீமாவின் அறையை அப்படியே செய்து வைத்திருக்கிறாள். இதுவரை பிரமாதம். அப்புறம் மாய மீமா பூப்போலத் தாவித் தாவி வருகிறாள், கடைக் கண்ணாடிகளில் மட்டும் பருத்த உடம்போடு அதே உடையில் மூச்சிரைக்க ஓடும் ரூமி தெரிகிறாள். என்னோடு பார்த்தவர்கள் அந்த இடத்தில் சிரித்தார்கள். முன்னாள் ஐடல், வயதாகிவிட்டது, எடை போட்டுவிட்டது, அதனால் பைத்தியம் என்பது மாதிரி ஆகிவிடவில்லையா? ஐடல் தொழில் பெண்ணின் உடம்பை எப்படிப் பார்க்கிறது என்று விமர்சிக்கிற படம், கடைசியில் அதே கண்ணால் ரூமியைப் பார்க்கிறது.

எடிட்மேசை:

சிரிப்பு வருவது உண்மை. ஆனால் அந்த ஷாட்டுகளில் கண்ணாடிக்கு வெளியே தெரிவது ரூமி தன்னை உணரும் விதம். எடையே இல்லாத, காற்றில் மிதக்கிற உடம்பு. கண்ணாடிதான் நிஜத்தைச் சொல்கிறது. மற்றப் படங்களில் மாயை கண்ணாடியில் வரும், இங்கே திருப்பிப் போட்டிருக்கிறார். லாரி வரும்போது அதன் விளக்கை மேடை விளக்கு என்று நினைத்துக் கையை விரித்துச் சிரித்தபடி நிற்கிறாளே, அங்கே யாராவது சிரித்தார்களா?

பூனைக்கண்:

இல்லை. அங்கே யாரும் சிரிக்கவில்லை.

டீக்கடைபெஞ்ச்:

அந்த லாரி முன்னாலிருந்து மீமா அவளைத் தள்ளிக் காப்பாற்றியது எனக்குப் புரியவே இல்லை. தன்னைக் கொல்ல வந்தவளை! சரி, அதை விடுங்கள். கடைசி ஷாட்டுக்கு யாராவது விளக்கம் சொல்லுங்கள். மருத்துவமனையில் ரூமியைப் பார்த்துவிட்டு வருகிறாள், நர்சுகள் "அது மீமா மாதிரி இருக்கே, சேச்சே, அவளாக இருக்காது" என்று கிசுகிசுக்கிறார்கள், இவள் காரில் ஏறிக் கண்ணாடியைப் பார்த்து "நான் நிஜம்தான்" என்கிறாள். நிஜம்தானா?

மருந்துச்சீட்டு:

நான் நிஜம் என்றே எடுத்துக்கொள்கிறேன். ரூமி கண்ணாடி முன் இன்னும் பாடகி மீமாவாகவே இருக்கிறாள், இவள் அங்கிருந்து எழுந்து வந்துவிட்டாள். அவளைப் பார்க்கப் போவதும், லாரி முன்னால் பாய்ந்து காப்பாற்றியதும் ஒரே குணம். படம் முழுக்க மற்றவர்களுக்காகச் "சரி" சொன்னவள் யாரும் கேட்காமல் தானாகச் செய்கிற முதல் காரியம் அந்தக் காப்பாற்றல்தான். டீக்கடைபெஞ்ச், உங்கள் முதல் கேள்விக்கும் அதுவே என் பதில்.

எடிட்மேசை:

நானும் அந்தப் பக்கம்தான், ஆனால் கோன் நிம்மதியாக விடவில்லை. அந்த வசனத்தை அவள் நேராகச் சொல்வதாகக் காட்டாமல் பின்பார்வைக் கண்ணாடியில் காட்டுகிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்தக் கண்ணாடியையும் நம்பாதே என்று பழக்கிவிட்டு, கடைசி உறுதிமொழியைக் கண்ணாடியில் வைக்கிறார். குறும்பு.

கல்லிடைக்காரன்:

புதிதாக வருகிறவர்களுக்கு: இதற்கு அடுத்து மில்லேனியம் ஆக்ட்ரஸ் (2001) பாருங்கள். இங்கே பயமுறுத்திய அதே வெட்டு வித்தை, அங்கே ஒரு நடிகையின் வாழ்நாள் முழுவதையும் ஒரே ஓட்டமாக ஓட வைக்கிறது. பாப்ரிகாவை (2006) கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோன் 2010 ஆகஸ்டில் கணையப் புற்றுநோயால் 46 வயதில் போய்விட்டார். நாலு படம், ஒரு தொடர், பாதியில் நின்ற இன்னொரு படம். அவ்வளவுதான் இருக்கிறது, அவசரப்பட்டு ஒரே வாரத்தில் முடித்துவிடாதீர்கள்.

பூனைக்கண்:

மருந்துச்சீட்டு, நீங்கள் சொன்ன "எழுந்து வந்துவிட்டாள்" எனக்கு அவ்வளவு சுலபமாகப் படவில்லை. கடைசியில் அவள் நர்சுகளே வாய் பிளக்கிற அளவு பெயர் பெற்ற நடிகை. அந்தப் பெயர் எப்படி வந்தது? தடோகோரோ போட்ட கணக்கு பலித்துத்தான் வந்தது. அவள் மீண்டதையும் அந்தக் கணக்கு ஜெயித்ததையும் ஒரே சிரிப்பில் கோன் வைத்திருக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொல்கிறேன்.